திங்கள் முதல் வெள்ளி வரை: மழலையர் வகுப்புக்குப் புதிதாக வருபவர்களுக்கு

சென்னையின் சர்வதேசப் பள்ளிகளில் மழலையர் வகுப்புக்கு ஆசிரியராகச் சேருபவர்கள் பெரும்பாலும் நல்ல ஆங்கிலம் பேசுபவர்கள். அந்தத் தகுதியைப் பார்த்துத்தான் வேலையும் தருகிறார்கள். ஆனால் மூன்று, நான்கு வயதுக் குழந்தைக்கு ஆங்கிலம் பேசுகிற ஒருவர் இருந்தால் மட்டும் போதாது. அது பேசுவதைப் பொறுமையாகக் கேட்கிற ஒருவரும் வேண்டும். நீண்ட காலம் இந்த வகுப்புகளில் இருந்தவள் என்ற உரிமையில் ஸ்டாஃப் ரூமில் இளையவர்களிடம் அவ்வப்போது சொல்லி வந்ததை இங்கே எழுதி வைக்கிறேன். உங்கள் பள்ளி பிரிட்டிஷ் முறையில் நர்சரி, ரிசப்ஷன் என்று நடத்தலாம், ஐ.பி. முறையில் பி.ஒய்.பி. என்று நடத்தலாம். பெயர்கள்தான் வேறு, தரையில் உட்கார்ந்திருக்கும் குழந்தை ஒன்றுதான்.

1. ஒரு வாரத்துக்கு ஒரே ஒரு கதைப் புத்தகம் எடுங்கள். நாளுக்கொரு கதை என்று ப்ளான் போட்டால் பார்க்க நிறைவாக இருக்கும், குழந்தைக்கு எதுவும் தங்காது. திங்கட்கிழமை காதில் விழுந்த சொல் வாய்க்கு வர வெள்ளிக்கிழமை ஆகும். சிலருக்கு அடுத்த வாரம் ஆகும்.

எந்தப் புத்தகம் என்பதில் அவசரப்படாதீர்கள். எய்லீன் ப்ரௌன் எழுதிப் படம் வரைந்து 1994-இல் வெளிவந்த 'ஹாண்டாஸ் சர்ப்ரைஸ்' நம் ஊர்க் குழந்தைகளுக்கு அருமையாகப் பொருந்தும். கென்யாவில் ஒரு சிறுமி தன் தோழிக்குக் கொடுப்பதற்காக ஏழு பழங்களைக் கூடையில் வைத்துத் தலையில் சுமந்து போகிறாள். வழியில் குரங்கில் தொடங்கிக் கிளி வரை ஒவ்வொரு விலங்காக வந்து ஒவ்வொரு பழத்தை எடுத்துக்கொள்கிறது. அவளுக்கு அது தெரியாது. எழுத்தும் அதைச் சொல்வதில்லை. படம் மட்டுமே காட்டுகிறது. கதைக்காரிக்குத் தெரியாத ஒன்று கேட்கிற குழந்தைக்குத் தெரிந்துவிட்டால் அதனால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது. கத்தியாவது சொல்லும். அந்தத் துடிப்புத்தான் மொழியின் வாசல். வாழைப்பழம், கொய்யா, மாம்பழம், அன்னாசி எல்லாம் அது ஏற்கெனவே தின்று அறிந்தவை. ஆங்கிலப் பெயர் மட்டுமே புதிது. பொருளும் புதிது, பெயரும் புதிது என்று இரண்டையும் ஒன்றாகச் சுமத்தாத புத்தகமாகப் பாருங்கள்.

அந்த வாரத்தை நான் இப்படி நடத்துவேன். திங்களன்று வாசிப்பேன், அவ்வளவுதான். கேள்வி கிடையாது, விளக்கம் கிடையாது. செவ்வாயன்று உண்மையான பழங்கள் வரும்: தொட, முகர, எடை தூக்கிப் பார்க்க. ருசி பார்க்கக் கொடுக்கும் முன் வகுப்பின் அலர்ஜிப் பட்டியலை ஒருமுறை பார்த்துவிட வேண்டும். புதனன்று ஒரு கூடையை வைத்துக்கொண்டு நடிப்பு. எல்லோருக்கும் குரங்கு வேடம்தான் வேண்டும். ஒட்டகச்சிவிங்கியாக ஆசைப்படுகிறவர் யாருமில்லை, அதற்கு முன்கூட்டியே தயாராக இருங்கள். வியாழனன்று பெரிய தாளில் பாதை வரைந்து, எங்கே யார் வந்தார் என்று விரலை ஓட்டிக் கதை சொல்வது. இங்கிலாந்தில் பை கார்பெட் என்பவர் பரப்பிய முறையில் இந்தக் கதைப்படம் முக்கியமான அங்கம். எழுதத் தெரியாத குழந்தைக்கு அது கையில் கிடைத்த எழுத்து. வெள்ளியன்று கதையை மாற்றுவோம். நம் கூடையில் என்ன இருக்கும்? யாருக்குக் கொண்டு போவோம்? சீத்தாப்பழம், நுங்கு, நாவல்பழம் எல்லாம் வரும். அணிலும் காக்கையும் திருட வரும். குழந்தை சொன்னதைச் சொன்னபடியே ஒரு தாளில் எழுதி, அதன் கண் முன்னால் வாசித்துக் காட்டுங்கள். தன் பேச்சு எழுத்தாக நிற்பதைப் பார்க்கிற நாள்தான் அது எழுத ஆசைப்படத் தொடங்கும் நாள்.

2. வரைபடமும் திட்டமும் கேட்கிறார்களே என்று திங்களுக்குரியதை வெள்ளிவரை இறுக்கிக் கட்டிவிடாதீர்கள். புதன்கிழமை மழை பெய்தால் ஜன்னலருகே போய் மழையைப் பாருங்கள். கதை வியாழக்கிழமை காத்திருக்கும்.

3. ஃபோனிக்ஸ் நேரத்தில் ஒலி சுத்தமாக இருக்கட்டும். ஆங்கிலத்தில் எழுத்து 26. ஒலிகள் ஏறத்தாழ 44. அதனால்தான் ஏ, பி, சி என்ற வரிசையில் தொடங்காமல் எஸ், ஏ, டி, பி, ஐ, என் என்ற ஆறு எழுத்துகளிலிருந்து தொடங்குகிறார்கள். அந்த ஆறை வைத்தே பின், டின், டிப், பிட், ஸ்பின் என்று நிறைய சொற்கள் கட்டிவிடலாம். குழந்தை முதல் சில வாரங்களிலேயே 'நான் வாசிக்கிறேன்' என்று நிமிர்ந்து உட்காரும்.

இதில் புதியவர்கள் இடறுகிற இடம் ஒன்று உண்டு. பி என்ற எழுத்தின் ஒலியை 'ப' என்று சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். அப்புறம் 'ப-இ-ன' என்று எத்தனை முறை வேகமாகச் சொன்னாலும் குழந்தையின் காதில் பின் என்ற சொல் உருவாகாது. 'ப்-இ-ன்' என்றால் தானாக ஒட்டிக்கொள்ளும். தமிழ் படித்த உங்களுக்கு இது எளிது. மெய்யும் உயிரும் சேர்ந்து ஓர் ஒலி பிறக்கிறது என்பதை முதல் வகுப்பிலேயே கற்றுக்கொண்டு வந்தவர்கள் நாம். புள்ளி வைத்த எழுத்தை மனத்தில் வைத்துக்கொண்டு உச்சரியுங்கள். ஆனால் நம் பள்ளிகளில் இக், இங், இச் என்று முன்னால் ஓர் இகரம் சேர்த்து வாசித்துப் பழகியிருக்கிறோமே, அந்த இகரத்தை வாசலிலேயே விட்டுவிட வேண்டும். ஆங்கிலச் சொல்லின் கடைசியில் ஓர் உகரத்தை இழுத்துவிடுவதும், 'ஸ்' என்று தொடங்கும் கூட்டொலிக்கு முன்னால் 'இ' வைப்பதும் நம் நாக்கின் பழக்கங்கள். குழந்தையைத் திருத்தும் முன் உங்கள் குரலைக் கைப்பேசியில் பதிவு செய்து கேளுங்கள்.

எழுத்துக்கு முன்னால் காது. இங்கிலாந்தின் கல்வித் துறை 2007-இல் வெளியிட்ட 'லெட்டர்ஸ் அண்ட் சவுண்ட்ஸ்' திட்டத்தின் முதல் கட்டத்தில் எழுத்தே முக்கியமில்லை. சுற்றுப்புற ஒலிகள், வாத்திய ஒலிகள், உடல் எழுப்பும் ஒலிகள், எதுகை, மோனை என்றுதான் போகும். நமக்கு ஒலிக்கா பஞ்சம்? குக்கர் விசில், காக்கை, ஆட்டோ ஹாரன், கோயில் மணி, மிக்ஸி. கண்ணை மூடச் சொல்லி என்ன கேட்டது என்று கேளுங்கள். நாளுக்குப் பத்து, பதினைந்து நிமிடம் போதும். ஒரே நாளில் ஒரு மணி நேரம் நடத்திவிட்டு நான்கு நாள் விட்டுவிடுவதால் பயனில்லை.

4. பென்சிலைத் தள்ளிப் போடுங்கள். மூன்று வயதில் மணிக்கட்டின் சிறு எலும்புகள் முழுமையாக உருவாகி முடிந்திருக்காது. தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல் என்று பலம் மேலிருந்து கீழே இறங்கி வர வேண்டும். மாவு பிசையட்டும், தாளைக் கிழிக்கட்டும், துணிக்கிளிப்பை மாட்டட்டும், ஊஞ்சல் கம்பியில் தொங்கட்டும், ரவை பரப்பிய தட்டில் விரலால் வரையட்டும். இது வெளிநாட்டிலிருந்து நேற்று வந்திறங்கிய புதுமை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மரியா மாண்டிசோரி 1939-இல் சென்னைக்கு வந்து அடையாறில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். கையால் கற்பது என்பதை இந்த ஊர் ஆசிரியைகள் அப்போதே பழகிவிட்டார்கள்.

'பக்கத்து ஸ்கூல்ல எல்.கே.ஜி. பசங்க வாக்கியமே எழுதறாங்க மிஸ்' என்று பெற்றோர் வருவார்கள். கோபப்பட வேண்டாம், அவர்களது பயம் உண்மையானது, கட்டிய கட்டணமும் சிறியதல்ல. அவர்கள் பிள்ளை கதை சொல்வதை ஒருமுறை அவர்களையே உட்கார்ந்து கேட்க வையுங்கள்.

5. கேள்வி கேட்டபின் காத்திருங்கள். அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களில் வகுப்பறைகளைக் கவனித்தபோது, ஆசிரியர் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்காக நிற்கும் நேரம் சராசரியாக ஒரு வினாடிதான் என்று கண்டார். அதை மூன்று வினாடியாக நீட்டினாலே பதில்கள் நீண்டன, வாய் திறக்காதவர்களும் பேசினார்கள். தாய்மொழியில் படித்தவர்களுக்கே இப்படி. கேள்வியை ஆங்கிலத்தில் வாங்கி, மனத்துக்குள் தமிழில் யோசித்து, மறுபடி ஆங்கிலத்தில் சொல் தேடுகிற குழந்தைக்கு மூன்று வினாடியும் போதாது. அந்த மௌனத்தில் உங்களுக்கு வாய் துறுதுறுக்கும். பக்கத்துக் குழந்தை முந்திக்கொண்டு பதில் சொல்லும். நீங்கள் மட்டும் முகத்தைத் திருப்பாமல் அந்தக் குழந்தையையே பார்த்துக்கொண்டிருங்கள்.

6. பேசாத குழந்தையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். புது மொழிக்குள் வருகிற சிறு குழந்தைகளில் பலர் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் பேசாமல் இருப்பார்கள். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத் தொழிற்சாலைகளுக்கு வந்த கொரிய, ஜப்பானியக் குடும்பங்களின் பிள்ளைகளிடம் இதை நீங்கள் அடிக்கடி பார்ப்பீர்கள். மயிலாப்பூர்ப் பாட்டி வளர்த்த பேத்தியிடமும் பார்ப்பீர்கள். அது மந்தமோ பிடிவாதமோ இல்லை. காது வேலை செய்துகொண்டிருக்கிறது. சொன்னதைச் செய்கிறதா, கதையில் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிக்கிறதா, பாட்டின் கடைசிச் சொல்லுக்கு உதடு அசைகிறதா என்று பாருங்கள். 'ப்ளீஸ் சொன்னால்தான் தருவேன்' என்று பிஸ்கட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். அப்படிப் பிடுங்கப்பட்ட சொல் திரும்ப வராது. தலையசைத்தாலும் அதைப் பதிலாக எடுத்துக்கொண்டு, நீங்கள் அந்த வாக்கியத்தைச் சொல்லிக் காட்டுங்கள்.

ஆனால் ஒன்றைக் கட்டாயம் விசாரிக்க வேண்டும். வீட்டில் தன் மொழியில் தாராளமாகப் பேசுகிறதா? பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்புகிறதா? இரண்டுக்கும் இல்லை என்று வந்தால் அது மொழி மாறியதால் வந்த மௌனம் மட்டுமாக இருக்காது. செவிப் பரிசோதனைக்கும் குழந்தை மருத்துவரிடமும் அனுப்பச் சொல்வதைத் தள்ளிப்போடாதீர்கள். 'சின்னப் பிள்ளைதானே, சரியாகிவிடும்' என்ற ஆறுதல் அந்தக் குழந்தைக்குச் செய்யும் தீங்கு.

7. வீட்டு மொழியை வாசலில் கழற்றி வைக்கச் சொல்லாதீர்கள். 'வீட்டிலயும் இங்கிலீஷ்தான் பேசணுமா மிஸ்?' என்று சேர்க்கை நாளிலேயே கேட்பார்கள். உங்களுக்கு நன்றாக வருகிற மொழியில் நிறையப் பேசுங்கள், கதை சொல்லுங்கள், சண்டை போடுங்கள், சமாதானம் ஆகுங்கள் என்று சொல்லுங்கள். கனடாவின் ஜிம் கம்மின்ஸ் காட்டியபடி, புது மொழியில் விளையாட்டுப் பேச்சு சுமார் 2 ஆண்டில் வந்துவிடும். பாடம் படிக்கிற, யோசிக்கிற மொழி கைவர 5 முதல் 7 ஆண்டு ஆகும். அந்த நீண்ட இடைவெளியில் குழந்தை யோசிக்கத் தேவைப்படுவது வீட்டு மொழிதான். பாட்டியிடம் தமிழில் முதல்-நடு-முடிவோடு கதை சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு ஆங்கிலத்தில் சொல் மட்டும் தேட வேண்டியிருக்கும், கதையின் எலும்புக்கூடு கைவசம் இருக்கும். இரண்டு மொழியும் அரைகுறையாகப் பேசப்படும் வீட்டிலிருந்து வருகிற பிள்ளைதான் மிகவும் சிரமப்படுகிறது.

தமிழ் தெரிந்த ஆசிரியை தேவையான நேரத்தில் தமிழ் பேசுவதில் ஒரு குற்றமும் இல்லை. விழுந்து அடிபட்ட குழந்தையிடம், அம்மாவை நினைத்து அழுகிற குழந்தையிடம், ஒன்றுக்குப் போக வேண்டும் என்று சொல்லத் தெரியாமல் காலைப் பின்னிக்கொண்டு நிற்கிற குழந்தையிடம் ஆங்கில வகுப்பு நடத்தாதீர்கள்.

8. தப்பு என்ற சொல்லை மறந்துவிடுங்கள். 'மங்கி ஈட்டட் பனானா' என்று குழந்தை சொன்னால் அது ஓர் இலக்கண விதியைத் தானே கண்டுபிடித்து எல்லா வினைச்சொல்லுக்கும் போட்டுப் பார்க்கிறது என்று பொருள். 'யெஸ், த மங்கி ஏட் த பனானா!' என்று மகிழ்ச்சியோடு திருப்பிச் சொல்லிவிட்டு மேலே போங்கள்.

9. உருபுகளை உடம்பால் கற்றுக்கொடுங்கள். தமிழில் 'மேசைக்கு அடியில்' என்று இடம் பின்னால் வரும், ஆங்கிலத்தில் அது முன்னால் வரும். நம் பிள்ளைகள் தடுமாறுவது இங்கேதான். 1968-இல் பேட் ஹட்சின்ஸ் போட்ட 'ரோஸிஸ் வாக்' இதற்கென்றே பிறந்தது போல இருக்கும். ஒரு கோழி பண்ணையைச் சுற்றி வருகிறது. முழுப் புத்தகமும் ஒரே வாக்கியம். பின்னாலேயே வருகிற நரியைப் பற்றி எழுத்தில் ஒரு சொல் கிடையாது. வாசித்துவிட்டு மைதானத்துக்குப் போங்கள். பெஞ்சுக்கு மேலே, வலைக்கு அடியில், மரத்தைச் சுற்றி, மணல்தொட்டியைக் கடந்து. ஒவ்வொன்றையும் செய்கிற நேரத்திலேயே சொல்லையும் சொல்ல வேண்டும். வகுப்பில் படம் காட்டிப் புரியவைக்க ஒரு வாரம் போராடுவது அங்கே ஒரு மணி நேரத்தில் முடியும்.

10. விளையாட்டு மூலையை 'வேலை முடிந்தவர்களுக்கு' என்று ஒதுக்காதீர்கள். இங்கிலாந்தில் 2012-இல் திருத்தப்பட்ட மழலையர் பாடத்திட்டம் ஏழு துறைகளைச் சொல்கிறது. அவற்றில் முதன்மையாக வைப்பது மூன்று: பேச்சும் மொழியும், உடல் வளர்ச்சி, மனமும் உறவும். எழுத்தறிவும் கணக்கும் அதற்கு அடுத்த வரிசைதான். பல பள்ளிகள் சுவரில் அதை ஒட்டி வைத்துக்கொண்டு வகுப்பைத் தலைகீழாக நடத்துகின்றன. பழக்கடை வையுங்கள்: ஒரு தராசு, பழைய ரசீதுப் புத்தகம், துணிப்பை. நீங்களும் தரையில் உட்கார்ந்து வாடிக்கையாளராகுங்கள். 'வாட் கலர் இஸ் திஸ்?' என்று பரீட்சை வைத்தால் விளையாட்டு அங்கேயே செத்துவிடும். 'எனக்கு விருந்தாளிகள் வருகிறார்கள், மாம்பழம் போதுமா தெரியவில்லையே' என்கிற மாதிரி ஆங்கிலத்தில் பேசிப் பாருங்கள். கடைக்காரர் உங்களுக்கு ஆலோசனை சொல்லத் தொடங்குவார்.

11. ஆயாம்மாவிடம் தினமும் பேசுங்கள். யார் டிபன் டப்பாவை அப்படியே மூடி வைத்தது, யார் பாத்ரூமில் தனியாகப் பாடுகிறது, யார் யாரைக் கிள்ளுகிறது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். உங்கள் முன்னால் வாயே திறக்காத பிள்ளை அவரிடம் ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கும். வாராந்திரக் கூட்டத்தில் அவருக்கும் ஒரு நாற்காலி போடச் சொல்லிக் கேளுங்கள்.

12. டிஸ்ப்ளே போர்டில் அச்சில் வார்த்த மாதிரி ஒரே வண்ணத்துப்பூச்சி இருபது தொங்கினால் அது பெரியவர்கள் செய்த வேலை என்று யாருக்கும் தெரியும். கோணலாக இருந்தாலும் குழந்தையின் படத்தையே ஒட்டுங்கள்.

13. வெள்ளிக்கிழமை பெற்றோருக்குப் போகும் கடிதத்தைச் சடங்காக எழுதாதீர்கள். 'இந்த வாரம் பழங்கள் பற்றிக் கற்றோம், எஸ் எழுத்து முடித்தோம்' என்று எழுதினால் அதில் பாடத்திட்டம் இருக்கிறது, பிள்ளை இல்லை. முப்பது புகைப்படம் அனுப்புவதைவிட மூன்று வரி மேல். வாரம் முழுவதும் பாவாடைப் பையிலோ சட்டைப் பையிலோ ஒரு சிறு நோட்டு இருக்கட்டும். குழந்தை சொன்னதை, சொன்ன மொழியிலேயே, தேதியோடு குறியுங்கள். 'குரங்கு திருடவில்லை, அதற்குப் பசி' என்று ஒரு பிள்ளை சொன்னால், அந்த வாரக் கடிதத்தில் அதைவிடப் பெரிய செய்தி இல்லை. பெற்றோர் அலுவலக வண்டியில் உட்கார்ந்து வாசிப்பார்கள். அன்று இரவு அந்தக் குரங்கைப் பற்றி வீட்டில் பேச்சு நடக்கும், எந்த மொழியிலானாலும் சரி. கடிதத்தின் கடைசியில் வீட்டில் செய்ய ஒரே ஒரு வேலை கொடுங்கள்: காய்கறிக் கடைக்குக் கூட்டிப் போய் ஒரு பழத்தைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும் என்பது போல. அழுகிற படம், உடை மாற்றுகிற படம் எந்தக் காரணத்துக்காகவும் வெளியே போகக் கூடாது.

14. வாரம் முடிந்ததும் அந்த நோட்டை வகுப்புப் பட்டியலோடு வைத்துப் பாருங்கள். சுட்டிகள், அழுகிறவர்கள், ஆங்கிலத்தில் பொரிந்து தள்ளுகிறவர்கள் பெயர்கள் பக்கத்துக்குப் பக்கம் இருக்கும். சில பெயர்களுக்கு எதிரில் ஒரு வரியும் இருக்காது. சொன்னதைக் கேட்டுக்கொண்டு, யாருக்கும் தொந்தரவு தராமல், ஐந்து நாளும் உங்கள் கண்ணில் படாமல் போன பிள்ளைகள் அவர்கள். திங்கட்கிழமை காலை புத்தகத்தைத் திறக்கும் முன் போய் அவர்கள் பக்கத்தில் உட்காருங்கள்.